4×32, 6×42, 8×56: நிலையான உருப்பெருக்கம் கொண்ட வேட்டை ஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜெர்மனியில் வேட்டை உரிமத் தேர்வை முடித்த கையோடு துப்பாக்கிக் கடைக்குப் போகிறவருக்கு, துப்பாக்கியை முடிவு செய்ய அரை மணி நேரம் போதும். அதன் மேல் பொருத்திக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை முடிவு செய்யத்தான் பல நாள் ஆகிறது. பழைய சரக்கு வைத்திருக்கும் அலமாரியில் மூன்று கறுப்புக் குழாய்கள் இருக்கும். ஒன்று விரல் தடிமனில் ஒல்லியாக, 4×32. ஒன்று நடுத்தரமாக, 6×42. மூன்றாவதன் முன்புறம் மட்டும் டம்ளர் போல விரிந்திருக்கும், 8×56. எந்தக் கடைக்காரரும் மூன்றாவதைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பார். பெரிய லென்ஸ், அதிக வெளிச்சம் என்பார். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையை அனுமதிப்பதில்லை. ஆகவே இது ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் உரிமத்தோடு வேட்டைக்குப் போகும், அல்லது போக நினைக்கும் தமிழர்களுக்கு. இங்கே உருப்பெருக்கத்தை மாற்ற முடியாத ஸ்கோப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அசையும் பாகம் குறைவு, கண்ணாடி குறைவு, கெட்டுப்போக வழியும் குறைவு. அதே தரத்துக்கு விலையும் குறைவு.

முதலில் எண்களைப் படிக்கப் பழகுங்கள்

6×42 என்றால், 6 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 200 மீட்டரில் நிற்கும் மான் 6 மடங்கில் பார்க்கும்போது சுமார் 33 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். 8 மடங்கில் 25 மீட்டர்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் மூன்றாவதாக ஓர் எண் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான். ஸ்கோப்பைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தால், கண்ணுக்குப் பக்கத்து லென்ஸில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். ஸ்கோப் சேர்த்த வெளிச்சம் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. 4×32-க்கு அதன் அகலம் 8 மி.மீ. 6×36-க்கு 6. 6×42-க்கு 7. 8×50-க்கு 6.25. 8×56-க்கு 7.

கவனித்தீர்களா? 6×42-ம் 8×56-ம் ஒரே அளவு ஒளிவட்டம்தான் தருகின்றன. அதாவது இரண்டிலும் படத்தின் பளிச்சிடல் ஒன்றே. 56 மி.மீ. லென்ஸின் பரப்பு 42-ஐப் போல 1.78 மடங்கு. ஆனால் அந்தக் கூடுதல் வெளிச்சம் பெரிதாக்கப்பட்ட படத்தின் மேல் பரவிப் போய்விடுகிறது. அப்படியானால் 8×56-க்கு என்ன பயன்? இருட்டில் நம் கண் நுணுக்கம் பார்க்காது. பெரிய உருவங்களைத்தான் பிரித்தறியும். அதே பளிச்சிடலோடு படம் பெரிதாகக் கிடைத்தால், கறுப்புத் திட்டாக இருந்தது காட்டுப்பன்றியாக, அதன் காலடியில் குட்டிகளாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இதைக் கணக்கில் பிடிக்கத்தான் ஜெர்மன் தயாரிப்பாளர்கள் அந்திக் காரணி என்றோர் எண்ணை விவரப் பட்டியலில் போடுகிறார்கள். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. 4×32-க்கு 11.3, 6×42-க்கு 15.9, 8×56-க்கு 21.2. ஒப்பிட உதவும், ஆனால் கண்ணாடியின் தரத்தைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்லாது. மலிவான 8×56-க்கும் விலையுயர்ந்த 8×56-க்கும் ஒரே 21.2தான்.

படி 1: எந்த நேரத்தில், எந்த இடத்தில்?

இதை முடிவு செய்யாமல் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, மான் போன்ற பெரிய விலங்குகளை இரவில் சுடக் கூடாது என்கிறது. இரவு என்பது சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, சூரியன் உதிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன் முடிவது. காட்டுப்பன்றிக்கு இதில் விலக்கு உண்டு. மக்காச்சோள வயலை ஒரே இரவில் உழுது போட்டுவிடும் பன்றிக்காக, நிலா வெளிச்சத்தில் பரணில் உட்கார்ந்து காத்திருப்பது இங்கே பழைய வழக்கம். பரண் என்று எழுதும்போது நம் ஊர்த் தினைக்கொல்லைதான் நினைவுக்கு வருகிறது. ஏணி, மரச்சட்டம், மேலே ஒரு பலகை. ஆள் மாறினாலும் அமைப்பு அதேதான். அந்த நிலா வெளிச்ச வேலைக்கென்றே பிறந்தது 8×56.

அமெரிக்காவில் கதை வேறு. பெரும்பாலான மாநிலங்களில் மான் வேட்டை சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் ஓரிகன் மாநிலத்து லியூபோல்ட் நிறுவனம் 4×33, 6×36 என்று மெலிந்த, 300 கிராமுக்குள் அடங்கும் ஸ்கோப்புகளைச் செய்து வந்தது. அவர்களுக்கு 56 தேவைப்படவில்லை. ஆக, ஜெர்மன் ஸ்கோப் பெரிதாகவும் அமெரிக்க ஸ்கோப் சிறிதாகவும் இருப்பதற்கு ரசனையைவிடச் சட்டம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

உங்கள் வேட்டையை இப்படிப் பிரித்துப் பாருங்கள். அடர்ந்த காட்டில் நடந்து தேடுகிறீர்களா? பார்வைப் பரப்பு முக்கியம். 100 மீட்டர் தூரத்தில் 4 மடங்கு ஸ்கோப் 8 முதல் 10 மீட்டர் அகலம் காட்டும். 6 மடங்கு 6 முதல் 7 மீட்டர். 8 மடங்கு 5 மீட்டரை ஒட்டி. காட்டுப் பாதையைக் குறுக்கே கடக்கும் விலங்கை 8 மடங்கில் தேடுவது சாவித் துவாரம் வழியே ஊர்வலம் பார்ப்பது மாதிரி. வயலோரப் பரணில் அசையாமல் காத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆல்ப்ஸ் மலையில் ஏறி ஷாமோய் என்ற காட்டு மலையாட்டைத் தேடுபவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. அவருக்கு 6×36 அல்லது 6×42.

விலங்குகளை நாய்களையும் ஆட்களையும் வைத்து விரட்டிவிடும் கூட்டு வேட்டைக்கு, நேர்மையாகச் சொன்னால், இந்த மூன்றுமே பொருந்தாது. ஓடும் பன்றி 30 மீட்டரில் வரும். அங்கே 1 மடங்கிலிருந்து தொடங்கும் மாற்றக்கூடிய ஸ்கோப்தான் சரி. 4×32-ஐ வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, ஆனால் புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 2: உங்கள் கண்ணை அளந்து பாருங்கள்

இந்தப் படியைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. இருட்டில் கண்ணின் கருமணித் திறப்பு விரியும். இருபது வயதில் 7 மி.மீ. வரை விரியலாம். வயது ஏற ஏற அது குறைகிறது. ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5 மி.மீ. பக்கத்தில் நின்றுவிடும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அளக்க எளிய வழி ஒன்று வானம் பார்ப்பவர்களிடம் இருக்கிறது. 5, 6, 7 மி.மீ. தடிமனில் ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கே இல்லாத இடத்தில் அரை மணி நேரம் இருங்கள், கைபேசியைத் தொடாதீர்கள். அப்புறம் ஒரு கண்ணை மூடி, பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். ஆலன் கீயைப் புருவத்திலும் கன்னத்திலும் செங்குத்தாகச் சாய்த்து, கண்ணுக்கு முன்னால் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண்ணில் படாமல் கவனம். ஏதாவது ஓர் இடத்தில் நட்சத்திரம் முழுக்க மறைந்தால், அந்தக் கம்பி உங்கள் திறப்பைவிட அகலம். எந்த இடத்திலும் மறையவில்லை என்றால் திறப்புதான் அகலம். எந்தக் கம்பியில் முதன்முதலில் மறைகிறதோ அதற்குச் சற்றுக் கீழேதான் உங்கள் அளவு.

உங்களுக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6×42 தரும் 7 மி.மீ. வட்டத்தில் நடுவில் உள்ள 5 மி.மீ. மட்டுமே உள்ளே போகும். அதாவது 42 மி.மீ. லென்ஸில் 30 மி.மீ. மட்டுமே உங்களுக்காக வேலை செய்கிறது. அப்போது 6×36-ம் 6×42-ம் உங்கள் கண்ணுக்கு ஒரே பளிச்சிடல்தான். அதே கண்ணோடு 8×56-ஐப் பார்த்தால், 40 மி.மீ. பயன்படுகிறது. அதனால் 8×50-க்கும் 8×56-க்கும் உங்களுக்கு இருட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் 6×42-லிருந்து 8×50-க்கு மாறினால் வித்தியாசம் உண்டு, ஏனென்றால் உருப்பெருக்கம் கூடுகிறது.

இதை ஒரு வரியில் சொல்லலாம். உருப்பெருக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு ஸ்கோப்புகளில், லென்ஸ் பெரிதாவது உங்கள் கண்மணியின் அளவு வரைதான் வெளிச்சம் கூட்டும். அதற்கு மேல் வாங்கும் மில்லிமீட்டர்கள் எடைதான்.

முழுக்க எடை என்றும் சொல்லிவிட முடியாது. கண்ணைவிடப் பெரிய ஒளிவட்டம் இருந்தால், தலை சற்று விலகினாலும் படம் கறுக்காது. குளிர்கால மேலங்கி, கையுறை, பரணில் கோணலாக உட்கார்ந்த உடம்பு, இவற்றோடு அவசரமாகத் துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது இந்தச் சலுகை பெரிய உதவி. 4×32-ன் 8 மி.மீ. வட்டம் அவ்வளவு பிரியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பட்டப்பகலில் கண்மணி 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். அப்போது எல்லா ஸ்கோப்பும் ஒரே வெளிச்சம்தான்.

படி 3: துப்பாக்கியின் மேல் உட்காருமா?

என் பணம் வீணானது இங்கேதான். முதல் ஸ்கோப்பாகப் பழைய 8×56 ஒன்றை வாங்கினேன். கண்ணாடி அருமை. ஆனால் என் துப்பாக்கியில் தோளில் வைக்கும் கட்டை பழைய பாணி, ஸ்கோப் இல்லாத நேரடிப் பார்வைக்காகத் தாழ்வாகச் செதுக்கியது. ஸ்கோப்பைப் பொருத்திய பிறகு கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண் ஸ்கோப்பின் கீழ் விளிம்பில் நின்றது. ஒவ்வொரு முறையும் தாடையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஓர் இலையுதிர் காலம் முழுவதும் கழுத்து வலியோடு சுட்டு, குறி சிதறுவதற்கு என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எளிது. 56 மி.மீ. லென்ஸைச் சுமக்கும் மணிப்பகுதியின் வெளி விட்டம் வழக்கமாக 62 மி.மீ. 42-க்கு 48 மி.மீ. பாதிப் பாதியாகப் பார்த்தால் 31, 24. அதாவது 8×56-ன் மையம், 6×42-ன் மையத்தைவிடக் குறைந்தது 7 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். இதோடு குழலுக்கும் மணிப்பகுதிக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். குழலின் மேல் பழைய பின்பார்வைத் தகடு இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். போல்ட் கைப்பிடி மேலே வரும்போது கண் பக்கத்து வளையத்தில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள். கண்ணை மூடி, இயல்பாகத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் அழுத்துங்கள். கண்ணைத் திறக்கும்போது பார்வை எந்த உயரத்தில் போகிறது என்று நண்பர் ஒருவரை அளவுகோலால் பக்கவாட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். அந்த உயரமும் ஸ்கோப் மையமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கன்னப் பகுதியை உயர்த்தும் தோல் உறை ஒன்று வாங்கிக் கட்டலாம். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

குழாய் விட்டத்தையும் கேட்டு வையுங்கள். அமெரிக்க ஸ்கோப்புகளில் 25.4 மி.மீ., பழைய ஐரோப்பிய ஸ்கோப்புகள் பலவற்றில் 26, பெரிய லென்ஸ் கொண்டவற்றில் பெரும்பாலும் 30. 26 மி.மீ. குழாயை 25.4 வளையத்துக்குள் திணித்து இறுக்கினால் குழாய் நசுங்கும்.

படி 4: குறிக்கோடுகள்

ஸ்கோப்பினுள் குறி வைக்க உதவும் கோடுகள் மயிரிழையாக இருந்தால் நிலா வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். ஜெர்மன் 4ஆம் எண் வடிவம், அதாவது இடம், வலம், கீழ் மூன்று பக்கமும் தடித்த கட்டைகள், நடுவே மெல்லிய குறுக்குக்கோடு, பரண் வேட்டைக்குப் பல தலைமுறைகளாகத் தேறி வந்தது. நடுவில் மங்கலாக ஒளிரும் சிவப்புப் புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. அதன் ஒளியைக் கிட்டத்தட்ட அணைவது வரை குறைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தப் புள்ளியே உங்கள் இரவுப் பார்வையைக் கெடுத்துவிடும். பகலில் மட்டும் சுடுபவர் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

படி 5: கடையில் அல்ல, அந்தியில் பாருங்கள்

கடையின் விளக்கில் எல்லா ஸ்கோப்பும் அழகு. நல்ல கடைக்காரர் என்றால் மாலையில் வாசலுக்கு எடுத்துவந்து பார்க்க விடுவார். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, ஒரே மரத்தடியின் ஒரே நிழலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த ஸ்கோப்பில் முதலில் கிளைகள் பிரிந்து தெரியாமல் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கை ஒட்டிய இருட்டையும் பாருங்கள், வெள்ளைப் புகைபோல வெளிச்சம் படர்ந்தால் உள் பூச்சு மோசம். ஸ்கோப் துப்பாக்கியில் பொருத்தியிருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூச்சு என்றேனே, அதற்கு ஒரு பின்னணி உண்டு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்த இழப்பைக் கட்டுப்படுத்த வழி பிறந்தது. நல்ல பூச்சுள்ள 6×42, மட்டமான 6×50-ஐ அந்தியில் தோற்கடிப்பது இதனால்தான். லென்ஸ் அளவுக்கும் கண்ணாடித் தரத்துக்கும் நடுவே பணம் ஊசலாடினால், தரத்தின் பக்கம் சாயுங்கள்.

பழைய ஸ்கோப் வாங்கத் தயங்க வேண்டாம். ஜெர்மனியில் 2020 பிப்ரவரியில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஸ்கோப்பின் முன்னாலோ பின்னாலோ பொருத்தும் இரவுப்பார்வைக் கருவிகளுக்கு வேட்டைக்காரர்களுக்கு வழி திறந்தது. எங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை மாநிலச் சட்டங்கள் முடிவு செய்கின்றன, உங்கள் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுக்கு வேறு கருவி கிடைத்ததும் பலர் தங்கள் ஸ்மிட் அண்ட் பெண்டர், ஸைஸ், ஸ்வரோவ்ஸ்கி 8×56-களை விற்கத் தொடங்கினார்கள். வாங்குபவருக்கு யோகம். ஆனால் பிற்பாடு வெப்பப்படக் கருவியை ஸ்கோப்பின் முன்னே மாட்டும் எண்ணம் இருந்தால் 8 மடங்கைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கருவி காட்டுவது ஒரு சின்னத் திரை, அதை 8 மடங்கு பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகச் சிதறும். 6 மடங்கே மேல் எல்லை.

பழையதைக் கையில் வாங்கியதும் லேசாக ஆட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள், உள்ளே எதுவும் உருளக் கூடாது. லென்ஸுக்குள் டார்ச் அடித்து, பனிமூட்டம் போன்ற படலமோ பூஞ்சை நூலோ இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் கடித்த தடத்தை விரலால் தடவுங்கள். கீறல் பரவாயில்லை, பள்ளம் இருந்தால் வேண்டாம்.

படி 6: பொருத்திய பிறகு

தொழிற்சாலையில் ஐரோப்பிய வேட்டை ஸ்கோப்புகளை வழக்கமாக 100 மீட்டருக்குச் சரி செய்து அனுப்புகிறார்கள். வேறு தூரத்தில் கண் மையத்தை விட்டு விலகினால் குறியும் விலகும். லென்ஸ் பெரிதாக இருந்தால் அந்த அதிகபட்ச விலகலும் பெரிது. 200 மீட்டரில் 32 மி.மீ. லென்ஸுக்கு அது 16 மி.மீ., 42-க்கு 21, 56-க்கு 28. வேட்டைக்கு இது சின்ன அளவுதான். ஆனாலும் தலையை நேராக வைக்கும் பழக்கத்தை 56 அதிகமாகக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவே 8, 9 செ.மீ. இடைவெளி வேண்டும். நிற்கும்போது அளக்காதீர்கள், பரணில் உட்காரும் நிலையில், மேலங்கி போட்டுக்கொண்டு அளந்து பாருங்கள். 100 மீட்டரில் குண்டு குறிக்கு 4 செ.மீ. மேலே படும்படி வைப்பது இங்கே வழக்கம். குறியைத் திருத்தும் திருகின் ஒரு கிளிக், ஐரோப்பிய ஸ்கோப்பில் 100 மீட்டரில் 1 செ.மீ., அமெரிக்க ஸ்கோப்பில் பொதுவாக 7 மி.மீ. உயரமாக நிற்கும் 8×56 கிட்டத்தில் சற்றுக் கீழே சுடும். எனவே 25, 50 மீட்டரிலும் ஒவ்வொரு குண்டு சுட்டு எங்கே படுகிறது என்று எழுதி வையுங்கள்.

சரி, என்னிடம் ஒரே ஒன்றைச் சொல்லச் சொன்னால்? பகலும் அந்தியும் கலந்து, நடந்தும் உட்கார்ந்தும் வேட்டையாடுகிறவருக்கு 6×42. கண் 6 மி.மீ.க்குக் கீழே என்று தெரிந்தால், மலை ஏறுகிறவர் என்றால், 6×36. மாதத்தில் நாலு இரவு நிலாவில் பன்றிக்காகக் காத்திருப்பதே வேலை என்றால் 8×56, கட்டையை உயர்த்தும் செலவையும் சேர்த்து. 4×32 அடர்காட்டுக்காரருக்கு, அல்லது தாத்தாவின் பழைய துப்பாக்கிக்கு.

எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் விலங்கை முதலில் பைனாகுலரில் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். துப்பாக்கியை நீட்டித் தேடினால் புதருக்குப் பின்னால் இருப்பவர் காளான் பறிக்க வந்தவராகவும் இருக்கலாம். குட்டிகளை வளர்க்கும் காலத்தில் தாய் விலங்கைச் சுடுவதை ஜெர்மன் சட்டத்தின் 22ஆவது பிரிவு தடுக்கிறது. நிலா வெளிச்சத்தில் தனியாக நிற்கும் பன்றி தனியாகத்தான் வந்ததா என்று பத்து நிமிடம் பைனாகுலரில் பார்த்துக் காத்திருங்கள். உயரமான புல்லுக்குள் இருக்கும் குட்டிகள் 56 மி.மீ. லென்ஸிலும் தெரியாது.